பதினோரு ஜோடி

எங்கள் ஏரியில் சீமை மில்ஃபாயில் என்ற நீர்ச்செடி கிடையாது. பத்தொன்பது வருஷமாக இதைச் சொல்வது நான்தான். ஒவ்வொரு ஆகஸ்டிலும் படகில் போய், வளைகுடா முழுக்கச் செடி பிடுங்கிப் பார்த்து, படிவத்தில் ‘சில்வி ரான்டா’ என்று கையெழுத்துப் போட்டால், மிச்சிகனின் இந்த வடகோடியில் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

செடி தண்ணீருக்குள்ளேயே வளர்வது. இலை இறகு மாதிரி இருக்கும். நடு நரம்பின் இரு பக்கமும் மயிரிழைகள். அந்த இழைகளை ஜோடி ஜோடியாக எண்ண வேண்டும். பத்து, பதினொன்று ஜோடியோடு நின்றால் நம்முடைய நாட்டு மில்ஃபாயில். பன்னிரண்டைத் தாண்டி ஓடினால் சீமை. தூக்கிப் பார்த்தாலும் தெரியும். நாட்டுச் செடி காற்றிலும் விறைப்பாக நிற்கும், சீமை தண்டோடு ஒட்டித் தொங்கிவிடும். அது கடல் தாண்டி வந்தது, தெற்கு ஏரிகளை அடைத்துப் படகுகூடப் போக முடியாமல் பண்ணியது. ஊர் மன்றச் சுவரில் இருக்கும் வரைபடத்தில் அதற்குச் சிவப்புக் குண்டூசி. அவையெல்லாம் தெற்கிலேயே நின்றிருந்தன.

இந்த வருஷம் ஒரு சிவப்பு ஊசி எங்கள் ஏரி மேலேயே வந்து உட்கார்ந்தது.

ஆகஸ்டில் என் முழங்காலை அறுத்துத் தைத்திருந்தார்கள். அதனால் படகில் போனது என் கணவர் ரெய்னோ. படிவத்தை நிரப்பி, எண்ணிய இலையையும் அதிலேயே ஒட்டிக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயக்கம் தெளியாத தலையோடு படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். செப்டம்பரில் ஏரிச் சங்கத் தலைவி டார்லீன் ஹக்கலாவிடமிருந்து கடிதம் வந்தது: சீமை மில்ஃபாயில் உறுதி, வியாழக்கிழமை வளைகுடாவில் மருந்தடிப்பு, அதற்கு முன் செவ்வாயன்று கூட்டம்.

மருந்துக்கு நாடு, சீமை தெரியாது. மில்ஃபாயில் எதுவானாலும் சாகும். எங்கள் பெர்ச் மீன் முட்டையிடுவதே அந்தச் செடிக்குள்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில், டாக்டர் சொன்னதைக் காற்றில் பறக்கவிட்டு, காலை இழுத்துக்கொண்டு படகேறினேன். ஐம்பது செடி பிடுங்கினேன். பத்து, பதினொன்று, பத்து, பதினொன்று. எல்லாம் விறைப்பாக நின்றன. வீட்டுக்கு வந்து படிவத்தின் நகலை எடுத்தேன். ‘ஜோடிகள்’ என்ற கட்டத்தில் ரெய்னோவின் சதுர எழுத்தில் 22.

எனக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருஷம் மர ஆலையில் கட்டைகளை எண்ணிய மனுஷன். அங்கே ஜோடி கிடையாது, ஒவ்வொரு கட்டையும் ஒரு கணக்கு. இரண்டு பக்கத்து இழையையும் எண்ணி எழுதிவிட்டார்.

அவரிடம் சொல்லவில்லை. கண் சரியில்லை என்று ஜூனில்தான் அவருடைய கார் லைசென்ஸைப் பிடுங்கியிருந்தார்கள். அதிலிருந்து காபிக்கடைப் பக்கமே போகாமல் இருந்தார். என் பேர் கெட்டாலும் போகிறது, அவர் தலை குனியக் கூடாது என்று முடிவு செய்தேன். முடிவு செய்தேனே தவிர, அந்தப் பத்தொன்பது வருஷத்தை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

மன்றத்தில் நாற்பது பேர். பின்வரிசையில் ரெய்னோ. நான் வாளியோடு முன்னே போனேன்.

“கடல் தாண்டி வந்ததையெல்லாம் கொல்லணும்னா, நம்ம தாத்தாக்களையும் சேர்த்துல்ல கொல்லணும்!” என்று வெய்னோ கோஸ்கி கத்தினான்.

“உன்னைய மொதல்ல மருந்தடிக்கிறோம், உக்காரு,” என்றாள் டார்லீன். “சொல்லு சில்வி. உன் படிவம், உன் கையெழுத்து. இப்ப இல்லைங்கறியா?”

வாளியிலிருந்து செடியைத் தூக்கிக் காட்டினேன். இலை விறைப்பாக நின்றது. “இது நம்மூருதுதான். எண்ணினது தப்பாயிடுச்சு. நான்தான்...”

“அவ எண்ணலை.”

ரெய்னோ எழுந்து நின்றுகொண்டிருந்தார். தொப்பி கையில்.

“அவ ஆஸ்பத்திரில கெடந்தா. எண்ணினது நான். அவ ஆயுசுல ஒரு எலைகூடத் தப்பா எண்ணினதில்ல. தப்புன்னா என் பேரைப் போடுங்க.”

“கண்ணு தெரியாதவரை எதுக்கு அனுப்பினே சில்வி?” என்று யாரோ முணுமுணுத்தார்கள். சிலர் சிரித்தார்கள். ரெய்னோ உட்காரவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “டார்லீன், அந்தப் படிவத்தைக் குடு.”

டேப்பின் கீழே அந்த இலை இன்னும் பச்சையாக இருந்தது. என் கையெழுத்து இருந்ததால் இத்தனை நாளில் யாரும் அதை எண்ணிப் பார்க்கவில்லை. பூதக்கண்ணாடியை டார்லீனிடம் நீட்டினேன். “ஒரு பக்கம் மட்டும் எண்ணு. சத்தமா.”

எண்ணினாள். பதினொன்றில் நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“இப்ப அந்தப் பக்கமும்.”

பன்னிரண்டு, பதின்மூன்று என்று அவள் போய்க்கொண்டே இருந்தாள். கண்ணாடி வைத்தும் இரண்டு தடவை தடுமாறி, முதலிலிருந்து எண்ணினாள்.

“இருபத்திரண்டு,” என்றாள் டார்லீன்.

“அவர் என்ன எழுதியிருக்காரு?”

“இருபத்திரண்டு.”

“கட்டம்தான் தப்பு,” என்றேன். “எண்ணிக்கையில தப்பில்ல. ஆடுற படகுல, அந்தக் கண்ணை வச்சுக்கிட்டு, மயிரிழைல ஒண்ணுகூட விடலை எம் புருஷன்.”