நாற்காலி நகர வேண்டும்

மனிதனுக்கு முதுகெலும்பு கொடுக்கப்பட்டது நேராக உட்காருவதற்காக. வீடியோ கேமில் வளைவு வரும்போதெல்லாம் முதுகை வளைக்கிறவன் இன்னும் மரத்திலிருந்து முழுதாக இறங்கவில்லை. இந்த உண்மையை டயர் என்ற இளைஞன் தினமும் காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அறிவிப்பான். கேட்பதற்கு ஆள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் அறிவித்துவிடுவான்.

"கையில இருக்கறது ஒரு பிளாஸ்டிக் கட்டை. அதுல ரெண்டு குச்சி. குச்சியத் திருப்பினா வண்டி திரும்பும். உடம்பைத் திருப்பினா என்ன திரும்பும்? இடுப்புதான் பிடிச்சுக்கும். என் வாழ்க்கையில ஒரே ஒரு தடவை நான் சாய்ஞ்சிருந்தா, பாதி மீசைய எடுத்துட்டு இந்தத் தெருவுல நடக்கறேன்."

மீசை அந்த வருடம்தான் ஒருவழியாக ஒரு வடிவத்துக்கு வந்திருந்தது. அதனால் சபதத்துக்குக் கனம் இருந்தது.

டயர் என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. அவன் அக்காவும் மாமாவும் நடத்திய சின்ன கேம் கம்பெனியில், வண்டிகளின் சக்கரம் தரையைப் பிடிப்பதற்கும் விடுவதற்கும் கணக்கு எழுதுகிற வேலை அவனுடையது. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. படம் வரைவது அக்கா. சத்தம் மாமாவின் இலாகா. நிஜப் பந்தயத்துக்கே போய் எஞ்சின் சத்தத்தைப் பதிவு செய்து வந்து, அதில் உயிர் இல்லை என்று சொல்லி எல்லாவற்றையும் வாயாலேயே மறுபடி பதிவு செய்தவர் அவர்.

கேமும் அப்படித்தான். நிஜமான கார் பந்தயம் ஒன்றை எடுத்து கார்ட்டூனாக்கியிருந்தார்கள். ஓட்டுநர்கள் நிஜம், வண்டி எண்கள் நிஜம், பந்தயப் பாதைகளும் நிஜம். ஆனால் வண்டி குட்டியாக இருக்கும், ஓட்டுகிறவரின் தலை வண்டியில் பாதி இருக்கும். பின்னால் துரத்துகிறவர் மேல் சோப்பு நுரையை வாரி இறைக்கலாம்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கூடத்தின் நடுவில், அடியில் சக்கரம் வைத்த ஒரு சுழல் நாற்காலி; அதைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப்பால் ஒரு சதுரம். கேமில் எதை மாற்றினாலும் யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பந்தயம் ஓட்ட வேண்டும். ஓட்டி முடித்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் மரியாதைக்கு நன்றாக இருந்தது என்பார். தரையைப் பார்ப்பார்கள். நாற்காலியின் ஒரு சக்கரமாவது டேப்பைத் தாண்டியிருந்தால் அந்த மாற்றம் தேறியது. உட்கார்ந்த இடத்திலேயே நாற்காலி இருந்தால் வேலை மறுபடி மேசைக்குப் போகும்.

"இது சோதனையா, குறி கேட்கறதா?" என்பான் டயர்.

"உட்கார்றவன் பொய் சொல்லுவான்டா. நாற்காலி சொல்லாது" என்பாள் அக்கா.

அன்று சாம்பியன் வரும் நாள். நிஜப் பந்தயத்தில் ஜெயித்த, நிஜ சாம்பியன். கேமின் அட்டையில் அவள் தலைதான் பூசணி அளவில் சிரித்துக்கொண்டிருந்தது. அவள் ஓட்டிப் பார்த்துச் சரி என்றால் கேம் வெளியே வரும். வேண்டாம் என்றால் பந்தயச் சங்கம் பெயர், எண், பாதை எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்ளும். அக்கா தூக்கத்தையும் தோள்பட்டையையும் தொலைத்து வரைந்ததில் மிஞ்சப்போவது யாருடையது என்றே தெரியாத சில பெரிய தலைகள். அவள் காலையிலிருந்து ஒரே மேசையை நாலு தடவை துடைத்திருந்தாள்.

அந்தக் காலையில்தான் டயர் தன் புதிய டயர்க் கணக்கை கேமுக்குள் ஏற்றினான். காரணம் இருந்தது. பழையதில், சாம்பியனின் சொந்தப் பாதையில், பாலத்தடி வளைவில் வண்டி சில சமயம் சுவருக்குள் புகுந்து காணாமல் போனது. அதைச் சரிசெய்யக் கை வைத்தவன், வைத்த கையோடு மற்றதையும் திருத்தினான். சறுக்கினால் வேகம் கூடுவது எந்த உலகத்து நியாயம்? அதை எடுத்தான். அவ்வளவு பெரிய தலை வளைவில் ஆடினால் கழுத்து என்னாவது? தலையை உலக்கை மாதிரி நட்டுவைத்தான். நாற்காலியில் யாரையும் உட்கார வைக்கவில்லை. பூமியின் விதிகளுக்கு ஒரு நாற்காலியின் சிபாரிசு எதற்கு?

சாம்பியன் குள்ளமாக, சாதாரணச் சட்டையில், கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். பின்னால், ஒப்பந்தம் வைத்த தோல் பையுடன் பந்தயச் சங்கத்துக்காரர். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பந்தயம் தொடங்கியது.

டயர் திரையைப் பார்த்தான். அக்காவும் மாமாவும் தரையைப் பார்த்தார்கள். சங்கத்துக்காரர் இவர்களைப் பார்த்துவிட்டு, ஏதாவது விழுந்துவிட்டதோ என்று தானும் தரையைப் பார்த்தார்.

அவள் ஓட்டினாள் என்று சொல்வதைவிடக் கோடு கிழித்தாள் என்று சொல்லலாம். ஒவ்வொரு வளைவிலும் டயரின் கணக்கு என்ன சொன்னதோ அங்கே பிரேக், அங்கே திருப்பம். பாலத்தடியில் வண்டி வழுக்காமல், சுவருக்குள் புகாமல் போனது. முதலாவதாக வந்தாள். நாற்காலி ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

"சரியா இருக்கு. என் வண்டி மாதிரியே இருக்கு" என்றாள் சாம்பியன்.

டயர் அக்காவைப் பெருமையாகப் பார்த்தான். அக்காவின் முகத்தில் ரத்தம் இல்லை.

சாம்பியன் குச்சிக் கட்டையை மேசை மேல் வைத்தாள். "அதான் யோசிக்கறேன். இதை நான் தினமும் வேலையா பண்றேன். வீட்டுக்கு வந்தும் எதுக்குப் பண்ணணும்? வண்டியில இருந்து இறங்கவே இல்லாத மாதிரி இருக்கு."

சங்கத்துக்காரர் பையின் வாயை இழுத்து மூடினார். அந்த ஜிப் சத்தத்தை மாமா பிற்காலத்தில் வாயால் செய்து காட்டுவார். அப்போது அவருக்கு வாய் வரவில்லை.

"நாங்க கீழ காப்பி சாப்பிட்டுட்டுக் கிளம்பறோம். வண்டிக்குச் சொல்லியிருக்கு" என்றார் அவர்.

"காப்பி முடிச்சிட்டு மறுபடி ஒரு தடவை மேல வந்துட்டுப் போங்க. ஒரே ஒரு ரவுண்டு" என்றாள் அக்கா. குரல் கெஞ்சவில்லை. ஆனால் கையில் இருந்த துடைக்கும் துணி முறுக்கியபடி இருந்தது. சாம்பியன் அந்தத் துணியைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

படியில் காலடிச் சத்தம் இறங்கி முடியும்வரை அக்கா காத்திருந்தாள்.

"நேத்து வரைக்கும் தலை ஆடிச்சே. அந்த ஆட்டம் எங்கடா?"

"கழுத்து தாங்காதுக்கா..."

"பொம்மைக்குக் கழுத்தே நான் வரையலடா! நாற்காலில யாரு உட்கார்ந்தது?"

டயர் மின்விசிறியைப் பார்த்தான்.

"யாருமே உட்காரலையா? மாமா கூடவா?"

"என்னைக் கூப்பிடவே இல்ல" என்றார் மாமா, காட்டிக்கொடுக்கும் தொனியில்.

"பழையதை எடுத்துப் போடு."

"பழையதுல பாலத்துக்குக் கீழ வண்டி மாயமாப் போகும். சாம்பியனே மாயமாப் போனா நல்லாவா இருக்கும்?"

"அப்ப அந்தச் சுவரை மட்டும் வச்சுக்கோ. மத்த கண்றாவியெல்லாம் எடு. இப்பவே."

அவன் உட்கார்ந்தான். தலையின் பூட்டைத் திறப்பது சுலபம். அடுத்த வரிதான் கஷ்டம். சறுக்கினால் வேகம் கூட வேண்டும். அவன் கல்லூரியில் கட்டுரை எழுதிக் கேலி செய்த வரி அது. விரல் விசை மேலேயே நின்றது. கீழே தெருவில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அவர்களுடைய வண்டியாக இருக்கலாம். தட்டினான்.

"நான் உட்கார்றேன்" என்று மாமா நாற்காலியை நோக்கி நகர்ந்தார்.

"நீங்க வேண்டாம். லிஃப்ட் மேல போனா நீங்களும் எம்புற ஆளு. உங்கள வச்சு ஒண்ணும் அளக்க முடியாது. நானும் அப்படித்தான்." அக்கா நிறுத்தினாள். "இந்த ஆபீஸ்ல சாயாத உடம்பு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

இருவரும் அவனைப் பார்த்தார்கள். தான் காலங்காலமாக அறிவித்து வந்த உண்மை இப்படி வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று டயர் நினைத்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நடிச்சு ஏமாத்தினே, மீசைய நானே எடுப்பேன்" என்றாள் அக்கா.

முதல் ஓட்டம். வளைவுகள் வந்தன, போயின. அவன் தூண் மாதிரி இருந்தான். வேண்டுமென்று இல்லை, நிஜமாகவே ஒன்றும் இழுக்கவில்லை. முதல் முறையாகத் தன் உடம்பு சாயாதது அவனுக்குப் பெருமையாக இல்லை.

"தலை இன்னும் ஆடணும்" என்றாள் அக்கா. "வண்டி திரும்பறதுக்கு முன்னாடியே தலை சாயணும். உள்பக்கமா."

"முன்னாடியே எப்படிக்கா? வண்டி திரும்பினாத்தானே தலைக்குத்..."

"எழுதுடா!"

எழுதினான். மறுபடி உட்கார்ந்தான். இரண்டாவது ஓட்டம். பாலத்தடி வளைவில் அந்தப் பூசணித் தலை திருட்டுத்தனமாக முதலில் சாய, வண்டி அதன் பின்னால் வழுக்கிக்கொண்டு போக, பொறி பறந்தது. படியில் காலடிச் சத்தம் ஏற ஆரம்பித்தது. டயரின் முதுகு நேராக இருந்தது. தோள் நேராக இருந்தது.

"கட்டைவிரல்!" என்று மாமா கத்தினார்.

மூவரும் பார்த்தார்கள். அவனுடைய இடது காலின் கட்டைவிரல் வளைவின் பக்கம் திரும்பி, தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"கொசு கடிச்சது" என்றான் டயர்.

"போதும். அப்படியே வை. எதையும் தொடாதே" என்றாள் அக்கா.

கதவு திறந்தது. "வண்டி கீழ நிக்குது" என்று சங்கத்துக்காரர் எடுத்த எடுப்பிலேயே சொன்னார். சாம்பியன் திரையைப் பார்த்தாள்.

"அது என் தலையா? ஏன் இப்படி ஆடுது?"

அவள் உட்கார்ந்தாள். மாமா கண்ணை மூடிக்கொண்டார். பார்க்க வேண்டிய வேலை அக்காவுக்கும் டயருக்கும் மிஞ்சியது. இந்த முறை அவனும் தரையைத்தான் பார்த்தான்.

முதல் வளைவு. நாற்காலி அசையவில்லை. இரண்டாவது. அசையவில்லை. அவள் பழக்கத்தில் பிரேக் போட்டாள். வண்டி கேட்கவில்லை, வழுக்கியது, கேமுக்குள் மாமாவின் வாய் கிறீச்சிட்டது, பின்னாலிருந்து யாரோ நுரையை இறைத்தார்கள். "டேய்!" என்றாள் சாம்பியன். மஞ்சள் வண்டி ஒன்று தாண்டிப் போனது. "டேய், இருடா நீ!" பாலத்தடி வந்தது. நாற்காலி முனகியது. ஒரு சக்கரம் டேப்பின் மேல் ஏறி நின்றது. அக்கா மூச்சு விடவில்லை. சக்கரம் தாண்டியது. அடுத்த வளைவில் எதிர்ப்பக்கச் சக்கரமும் கிளம்பியது. பந்தயம் முடிந்தபோது சாம்பியன் மேசையின் மறுமுனையில் இருந்தாள், நான்காவதாக வந்திருந்தாள், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நிஜ வண்டியில எங்களைப் பெல்ட் போட்டு மூட்டை மாதிரி கட்டி வச்சிருப்பாங்க. அசைய முடியாது. எத்தனை வருஷமா நல்லா ஒரு தடவை சாயணும்னு இருந்திருக்கேன் தெரியுமா?" கழுத்தைத் தடவிக்கொண்டே சங்கத்துக்காரர் பக்கம் திரும்பினாள். "பையைத் திறங்க. இது நான்தான்."

ஜிப் திறந்தது. அக்கா துடைக்கும் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். மாமா கண்ணைத் திறந்து, "என்ன ஆச்சு, என்ன ஆச்சு?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்.

"இந்த டயர் போட்டது யாரு?" என்றாள் சாம்பியன். "வா தம்பி, ஒரு ரேஸ். வண்டி கொஞ்சம் நிக்கட்டும்."

டயர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஒரு விஷயம் மேடம். குச்சியத் திருப்பினாத்தான் வண்டி திரும்பும். முதுகெலும்புங்கறது..."

"பேசாம ஓட்டு."

ஓட்டினான். முன்னால் போனான், நுரை வாங்கினான், பின்தங்கினான், பிடித்தான். கையெழுத்து போட்டுக்கொண்டிருந்த சங்கத்துக்காரர் பாதிப் பெயரில் பேனாவை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தார். அக்காவும் மாமாவும் சாம்பியனின் தோளுக்குப் பின்னால் நின்று அவளுக்காகக் கத்தினார்கள். கடைசி வளைவு. இரண்டு பூசணித் தலைகளும் ஒன்றாகச் சாய்ந்தன. டயர் குச்சியைக் கடைசிவரை திருப்பினான், போதவில்லை. யாரும் அவன் பக்கம் பார்க்கவில்லை. இடது தோள் மெல்ல இறங்கியது, அதன் பின்னால் காது, காதின் பின்னால் இடுப்பு, நாற்காலியின் ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பியது.

வண்டி திரும்பியது.