மோதிர விரல் விட்ட இடம்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, கடை அடைத்திருந்த நேரத்தில், முந்நூறு கோட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, நான் வாசித்த புதுப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதில் என்னைக் காணோம். டிரம்ஸ் இருந்தது, மெலோடிகா இருந்தது. என் பேஸ் கிடார் மட்டும் ‘தும்’ என்று ஒரு தடவை தலையைக் காட்டிவிட்டு, வேண்டாத விருந்தாளியைப் பார்த்தவன் மாதிரி உள்ளே போய்விட்டது. அந்த ஒற்றைத் ‘தும்’ எக்கோவில் ஏழெட்டுத் தடவை திரும்பத் திரும்ப வந்து, பாலிதீன் உறை போட்ட கோட்டுகளுக்கு இடையே தேய்ந்து மறைந்தது. முந்நூறு என்று சொன்னது கொஞ்சம் கூடத்தான். அறுபது இருக்கும்.

கடை என் மச்சினனுடையது. வாரத்தில் ஆறு நாள் அது சலவைக் கடை. ஏழாவது நாள் அதன் பின்னறை எங்கள் டப் ரெகே குழுவின் ஸ்டுடியோ. டப் என்பது ஜமைக்காவிலிருந்து வந்த ரெகே பாட்டைப் பிரித்துப் போட்டு, பாதியை ஒளித்துவைத்துவிட்டு, மீதியை எதிரொலிக்க விடும் வேலை. ஒளித்து வைப்பவன் மச்சினன். நாங்கள் வாசிக்க வாசிக்க, இஸ்திரி மேசைமேல் வைத்த மிக்ஸர் போர்டில் ஒரு கையால் ஒருவரை அமுக்கி, மறு கையால் இன்னொருவரை எக்கோவுக்குள் தள்ளுவான். எல்லாம் ஒரே தடவையில் டேப்பில் ஏறிவிட வேண்டும், இரண்டாம் தடவை கிடையாது. “ஒரே சட்டைய மேல மேல தேய்ச்சா அசிங்கமா ஒரு மினுமினுப்பு வந்துரும் மாமா. பாட்டும் அப்படித்தான்” என்பான். டிரம்ஸ் என் மனைவி. முப்பது வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதிய விளையாட்டு டீச்சர். தாளம் தப்பினால் இன்றைக்கும் மைதானத்தைச் சுற்றி ஓட விடுவாள். மெலோடிகா என்கிற குட்டிக் கீபோர்டை ஊதுவது பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டரம்மா. அவர் முதல் தடவை வந்தது புகார் கொடுக்க. எங்கள் சத்தத்தில் அவருடைய நோயாளிகளுக்கு மரத்துப்போகும் ஊசியே தேவைப்படவில்லை என்று நான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் மறுத்ததில்லை.

நான் முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். பூமிக்குள் இறங்குகிற சத்தமெல்லாம் எனக்கு அத்துப்படி. எங்கள் முதல் ஆல்பத்தில் என் பேஸ் கேட்டுத் தெருவில் நின்ற மூன்று கார்கள் தானாக அலாரம் அடித்தன. மூன்று என்பது அடக்கத்தினால் சொல்வது. இரண்டாவது ஆல்பத்தில் மச்சினன் எக்கோ மெஷின் வாங்கினான். பாட்டுக்குக் கொஞ்சம் காற்றோட்டம் வந்தது. இந்த மூன்றாவது ஆல்பத்திலோ பாட்டு முழுக்கக் காற்றோட்டம்தான், சுவரையே காணோம். ஐந்து பாட்டு முடிந்துவிட்டது. அவற்றில் ஒன்றை இணையத்தில் போட்டதும் யாரோ ஒரு புண்ணியவான், ‘இவர்கள் மௌனத்தை வாசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்’ என்று உருகி எழுதியிருந்தார். மௌனத்தை வாசிக்க நான் எதற்கு, ஒரு நாற்காலி போதுமே.

என் வயிற்றெரிச்சலுக்கு வேறு காரணமும் இருந்தது. ஆறு மாதமாக என் இடது கை மோதிர விரல் மடங்கினால் நிமிர்வதில்லை. வலது கையால் பிடித்து இழுத்தால் ‘டிக்’ என்று விடும், பழைய லிஃப்ட் கதவு மாதிரி. அதனால் அந்த விரல் அழுத்த வேண்டிய சுரம் வரும்போதெல்லாம் நைசாக விட்டுவிடுவேன். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைப்பு. ஆனால் நான் ஒழுங்காக வாசித்த சுரங்களையும் மச்சினன் அமுக்குகிறானே? போதாததற்குப் போன வாரம் கவுன்டருக்கு அடியில் பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. மேலே பட்டன் பட்டனாக ஏதோ கருவியின் படம். என்னடா என்றால், “சும்மா ஒரு மெஷின் மாமா” என்று காலால் உள்ளே தள்ளினான். எனக்குப் புரிந்துவிட்டது. பேஸ் வாசிக்க இந்தக் காலத்தில் மெஷின் இருக்கிறது. அதற்கு விரலும் கிடையாது, பென்ஷனும் கிடையாது.

மிச்சம் ஒரே ஒரு பாட்டு. அதில் நான் யாரென்று காட்டியாக வேண்டும். புதன்கிழமை லைப்ரரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எலும்பு டாக்டரிடம் போய் விரலில் ஊசி போட்டுக்கொண்டேன். ஊசி என் முழங்கை நீளம் இருந்தது. நான் முனகவில்லை, அடுத்த அறையில் யாரோ முனகினார்கள். சனிக்கிழமைக்குள் விரல் இருபது வயசுக்குத் திரும்பிவிட்டது. வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அதை மடக்கி நிமிர்த்தி மடக்கி நிமிர்த்தி, குழந்தைக்கு டாட்டா காட்டுவது போல எனக்கே காட்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பாட்டு. மனைவி குச்சியைத் தட்டி எண்ணினாள். நான் ஆரம்பித்தேன். ஒரு சுரம் விடவில்லை. முதல் ஆல்பத்து ஆளாக, இன்னும் கொஞ்சம் கூடவே இறங்கினேன். பாலிதீன் உறைகள் கிடுகிடுத்தன. எட்டாவது சுற்றில்தான் ஏதோ கோளாறு என்று உறைத்தது. நான் அடிக்கும் இடத்திலேயே என் பழைய சுரத்தின் எக்கோ வந்து முட்டியது. அதே இடத்தில் மனைவியின் பெரிய டிரம் வந்து உட்கார்ந்தது. டாக்டரம்மா மூச்சு எடுக்க நின்று, மூச்சு எடுப்பதா ஊதுவதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். ஒரே லிஃப்டில் நாலு பேரும் நாலு மாடிக்குப் பட்டனை அழுத்தியது போல ஆகிவிட்டது. மச்சினன் டேப்பை நிறுத்தினான். மூன்று ஆல்பத்தில் முதல் தடவையாக.

“என்ன மாமா பண்றீங்க?”

“வாசிக்கிறேன் மாப்ளே. பேஸ்னு ஒண்ணு இருக்கே, அதை.”

“அந்த இடத்துல நீங்க வாசிக்க மாட்டீங்களே.”

“எந்த இடத்துல?”

அவன் போர்டைக் காட்டினான். துணிகளில் குத்தும் மஞ்சள் டோக்கன்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. பாட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டோக்கன். சிலவற்றில் எண், சிலவற்றில் அம்புக்குறி. நாலுக்கு ஒன்றில் பென்சிலால் சின்னதாக ஒரு மடங்கிய விரல், நகம் உள்பட.

“இது யாரோட விரல்?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

மனைவி குச்சியைக் கீழே வைத்தாள். “ஏங்க, ஆறு மாசமா காபி கப்புல மாட்டிக்கிட்ட விரலை இன்னொரு கையால கழட்டுறீங்க. முப்பத்தேழு வருஷமா எங்கிட்ட எதை மறைச்சிருக்கீங்க, இதை மறைக்க?”

“அப்ப நல்லா வாசிச்சதையும் ஏன் அமுக்கினான் உன் தம்பி?”

பதில் சொன்னது டாக்டரம்மா. “ஒரு பல்லு போனா ஓட்டைங்க. நாலு பல்லு சீரா போனா டிசைன்.”

மச்சினன் முன்பக்கம் போய், கவுன்டருக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்து வந்து பிரித்தான். உள்ளே இன்னொரு எக்கோ மெஷின். “உங்க விரலுக்கு ஒண்ணு பத்தல மாமா. கடைசிப் பாட்டுல நிறைய இடத்துல விடுவீங்கன்னு நெனச்சேன்.” கொஞ்ச நேரம் அதன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். “விரல் சரியாகிருச்சா?”

“ஆயிருச்சு.”

“சந்தோஷம்” என்றான். நிஜமான சந்தோஷம்தான். ஆனால் அழகாகத் தைத்துக் கொடுத்த சட்டையை, ஆள் இளைத்துப்போய் வந்து தொளதொளவென்று போட்டுக் காட்டினால் தையல்காரர் முகம் எப்படியிருக்கும், அப்படியும் இருந்தது. ஆறு மாதமாக மூன்று பேர் பேசி வைத்துக்கொண்டு என் ஒற்றை விரலைச் சுற்றி ஒரு ஆல்பம் கட்டியிருக்கிறார்கள். புண்ணியவான் உருகிய மௌனம் என் மோதிர விரல்தான். சலவை மருந்து நெடி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“ரெண்டாவது தடவை தேய்ப்போமா மாப்ளே?” என்றேன்.

“மினுமினுப்பு வருமே.”

“வரட்டும்.”

அவன் டேப்பைப் பின்னால் ஓட்டினான். “எப்படி வாசிக்கப் போறீங்க? சொல்லிருங்க மாமா, அதுக்கேத்த மாதிரி நான் பாத்துக்கறேன்.”

“எனக்கே தெரியல.”

மனைவி சிரித்துவிட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இறங்கினேன். இந்தத் தடவை மெதுவாக, மாடி மாடியாக. மச்சினன் மனைவியை அமுக்கினான், டாக்டரம்மாவை அமுக்கினான். கடைசியில் நான் மட்டும் இருந்தேன். விரல் வரைந்த டோக்கனின் சுற்று வந்தது. என் மோதிர விரல், ஊசி போட்ட தைரியத்தில் நேராக நிமிர்ந்து, தந்திக்கு நூலிழை மேலே நின்றது. போர்டில் அவனுடைய விரலும் எக்கோ பட்டனைத் தொடாமல் நின்றது. அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். சற்றுமுன் அடித்த சுரத்தில் அறுபது கோட்டுகளும் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன.