சொட்டிய கல்

சிற்பி மோ கல்லில் செதுக்கிய ஏழு ரத்தத் துளிகளும் மறுநாள் காலையில் சொட்ட ஆரம்பித்தன. கீழே கிண்ணம் வைத்தார்கள். மதியத்துக்குள் பாதி நிறைந்தது. இருபது வருடத்துக்கு ஒருமுறை காலக்கணக்கு முடியும் நாளில் அரசன் திருக்கை மீனின் முள்ளால் நாக்கைக் குத்திக்கொண்டு, மரப்பட்டைத் தாளில் ரத்தம் சிந்தி, சதுக்கத்தில் எரிப்பது வழக்கம். புகை பாம்பாக எழும். பாம்பின் வாயிலிருந்து ரத்தம் சிந்தியவனின் இறந்த தகப்பன் எட்டிப்பார்த்து வாக்குச் சொல்வார். பிறகுதான் ஊரில் அந்த வருடச் சோளத்தை விதைப்பார்கள். அந்தச் சடங்கைக் காட்டும் கல்லையும் அன்றே நட்டாக வேண்டும். அதனால் சிந்தாத ரத்தத்தை முன்கூட்டியே செதுக்குவதும் வழக்கம்தான்.

அரசன் தகல் பலாமுக்கு முள் என்றாலே குலை நடுக்கம். சொட்டும் கல்லைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"கல்லே குடுக்குது, நான் எதுக்குக் குத்திக்கணும்? இன்னும் பத்துத் துளி செதுக்குய்யா. கிண்ணம் நெறையலன்னா உன் தலை இருக்காது."

மோ செதுக்கினான். ஒவ்வொரு துளிக்கும் கொஞ்சம் வெளுத்தான். அவன் மனைவி இஷ் சாக் அவன் நகத்தை அழுத்திப் பார்த்தாள், சிவப்பு திரும்பவில்லை.

"யோவ், கல்லு உன்னத்தான் குடிக்குது. உளியக் கீழ வை."

"வச்சா இன்னைக்கே போவேன். செதுக்குனா நாலு நாள் இருப்பேன்."

அவள் திட்டிக்கொண்டும் அழுதுகொண்டும் சோளக் கஞ்சி ஊட்டினாள்.

கணக்கு முடியும் நாளில் மோவைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அரசன் கிண்ணத்து ரத்தத்தைத் தாளில் ஊற்றி எரித்தான். பாம்பு எழுந்தது. அதன் வாயிலிருந்து வந்தவர் தலையில் கிரீடம் இல்லை. நெற்றியில் கல் சுமப்பவர்கள் கட்டும் பட்டை இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன் கல் வெட்டும் குழியில் செத்துப்போன மோவின் அப்பா அவர்.

"என்னடா மவனே, இப்படி வெளுத்துக் கெடக்க? சாப்பிட்டியா?"

ஈட்டிக்காரர்கள் அரசனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்கப்பா எங்க?" என்று கேட்டான் அரசன்.

"உன் ரத்தத்த ஊத்து, உங்கப்பன் வருவாரு" என்றார் மோவின் அப்பா.

ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் அரசன் கண்ணை இறுக மூடி, முள்ளால் நாக்கைக் குத்தி, ரத்தத்தைத் தாளில் சிந்தி எரித்தான். கல் சொட்டுவது நின்றது. இஷ் சாக் கணவனின் நகத்தை அழுத்திப் பார்த்தாள், மெல்லச் சிவந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அரசனின் அப்பாவும் வந்தார், கடுங்கோபத்தோடு. ஆனாலும் வாக்குச் சொன்னார். அந்த வருடம் சோளம் நன்றாக விளைந்தது. அதன்பின் ஒவ்வொரு கணக்கு முடியும்போதும் புகையில் அந்த இரண்டு அப்பாக்களும் வருகிறார்கள். சதுக்கத்துப் படியில் அவர்களுக்கு இரண்டு கிண்ணம் கோகோ பானம் வைத்துவிடுகிறார்கள்.