பித்தப்பை சுருங்கியிருந்த காலை

ஸ்கேன் அறை வாசலில் அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்காருவாள், எழுவாள், தண்ணீர்க் குழாய் வரை போய்க் குடிக்காமலே திரும்புவாள். தம்பி நாற்காலியில் சாய்ந்து கிடந்தான்; கண்ணெல்லாம் மஞ்சள். அவனுக்குக் கல்லீரலில் ஒரு பங்கு கொடுக்க, வீட்டிலேயே இவள் ரத்தம்தான் சேர்ந்தது.

“நீ நடக்கிற நடையில தரையே தேஞ்சிடும்போல. பசிக்குதா?” என்றான் தம்பி.

“ம்.”

பொய். விடிந்ததும் விடியாததுமாக, வேலை செய்யும் பேக்கரியில் அடுப்புக்குப் பின்னால் நின்று, சூடான பன்களை வயிறு முட்டத் தின்றிருந்தாள். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். தெரிந்தேதான் தின்றாள்.

உள்ளே டாக்டரம்மா அவள் வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை நகர்த்தினார். மறுபடியும் நகர்த்தினார்.

“சாப்பிட்டீங்களா?”

“இல்லைங்க.”

டாக்டரம்மா திரையை அவள் பக்கம் திருப்பினார். “இதோ இரைப்பை, உப்பிக் கிடக்கு. பித்தப்பை பேரிக்காய் மாதிரி தெரியணும், சுருங்கிப்போயிருக்கு. சாப்பாடு உள்ள போனா அது பித்தத்தைப் பிழிஞ்சு விட்டுடும். கல்லீரலுக்கும் ரத்தம் கூடப் பாயும். இப்போ எதையும் சரியா அளக்க முடியாதும்மா.”

அக்காவின் கண்ணீர் காதோரம் வழிந்தது. “பயமா இருக்குங்க. கொடுக்க மாட்டேன்னு தம்பிகிட்ட எப்படிச் சொல்றது?”

“நீங்க சொல்ல வேணாம். பொருந்தலைன்னு நாங்களே சொல்லிடுவோம். காரணம் வெளிய போகாது.”

தப்பிக்க வழி கிடைத்தும் படபடப்பு அடங்கவில்லை. பசையை அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“டேய், நான் தின்னுட்டுத்தான் வந்தேன். வேணும்னே.”

தம்பி அவளையே பார்த்தான். “என்ன தின்ன?”

“பன்னு.”

“எனக்கொண்ணு எடுத்துட்டு வரத் தோணலையா?” சிரிக்கப் பார்த்தான். “வேணாம்னா விடுக்கா. உன்னைக் கேட்டது அம்மாதான். நான் கேக்கவே இல்லை. வாய் வரல.”

“இப்போ கேளு.”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அவள் மறுபடியும் குழாய்ப் பக்கம் நடந்தாள்.

அடுத்த வாரம் பட்டினியாக, எல்லார் மீதும் எரிந்து விழுந்தபடி ஸ்கேனுக்கு வந்தாள். பித்தப்பை நிறைந்திருந்தது, கல்லீரல் அளவு போதுமென்றார்கள். அறுவை சிகிச்சை அன்று, மயக்க மருந்து ஏறும்வரை ‘இன்னும் எவ்வளவு நேரம்?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தம்பியின் கண்கள் மெல்ல வெளுத்தன. அக்காவால் பல மாதம் மாவு மூட்டையைத் தூக்க முடியவில்லை. அதற்கும் அவனைத்தான் திட்டினாள்.