மேஸ்திரிக்குக் குரைக்கத் தெரியாது

எனக்குக் காது கேட்காது. 'அவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்' என்று என் மருமகள் தன் வீட்டுக்கு வருபவர்களிடம் சொல்வதை அவள் உதட்டைப் பார்த்தே படித்திருக்கிறேன். கொஞ்சமும் இல்லை, மந்தமும் இல்லை. சுத்தமாகக் கேட்காது. தகர டப்பாவுக்கு மூடி அடிக்கிற பட்டறையில் என் இளமை முழுக்க நின்றேன். மூடி முதலாளிக்கு, இரைச்சல் எனக்கு என்று பங்கு பிரிந்தது. அதைப் பற்றிக் கோபப்பட்டுக் கோபப்பட்டு அலுத்துவிட்டது. இப்போதுள்ள கோபம் என் நாயைப் பற்றியது.

அந்தப் பட்டறையில் யாரும் யாரையும் கூப்பிட மாட்டோம். கூப்பிட்டால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. தொட்டுத்தான் பேச்சு. தோளில் ஒரு தட்டு தட்டினால், தெரிந்த ஆள் வந்திருக்கிறார், கைவேலையை முடித்துவிட்டு மெதுவாகத் திரும்பு என்று அர்த்தம். சட்டையைப் பிடித்து இழுத்தால் ஆபத்து, உடனே கையை எடு. எங்கள் மேஸ்திரி நாள் முழுக்க ஆள் ஆளாகத் தட்டிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் திரிவார். அவர் இழுத்ததால்தான் என் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன.

பட்டறையை விட்டு வந்து, வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பைகளுக்கு ஜிப் வைக்கத் தொடங்கிய சமயத்தில் வாசலில் வந்து ஒண்டியது அந்தக் குட்டி. வந்த புதிதில் எல்லா நாயையும் போலக் குரைத்துப் பார்த்தது. வாய் திறந்து மூடுவது தெரியும், அவ்வளவுதான். நான் திரும்பாததைக் கண்டு அது குரைப்பதை விட்டுவிட்டது. பலிக்காத வேலையை விட்டுவிடும் புத்தி நாய்க்கு இருக்கிறது. தனிக்குடித்தனம் போன என் மகன், வரும்போதெல்லாம் இன்னும் அடுத்த அறையில் இருந்துகொண்டு என்னைக் கூப்பிடுகிறான்.

அதற்குப் பட்டறைப் பேச்சைக் கற்றுக்கொடுத்தேன். தெரிந்தவர் வந்தால் என் முழங்காலில் மூக்கால் ஒரு இடி. தெரியாதவர் வந்தாலும், அடுப்பில் ஏதாவது தீய்ந்தாலும், என் சேலை நுனியைப் பல்லால் கவ்வி இழுக்க வேண்டும். ஒரு மழைக்காலத்துக்குள் எல்லாம் படிந்துவிட்டது. பிறகு அதற்கு மேஸ்திரி என்றல்லாமல் வேறென்ன பெயர் வைப்பது?

பால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே முழங்காலில் மூக்கு வந்து இடிக்கும். காலடிச் சத்தத்தை வைத்தா, வாடையை வைத்தா, அதற்குத்தான் வெளிச்சம். ஒருநாள் அடுப்பைப் பற்றவைக்காமலே கேஸைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். என்னை இழுத்த இழுப்பில் சேலையே கிழிந்தது. கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிம்மதியாகத் தைத்தேன் என்றால் அது அந்த நாயால். காதுள்ளவர்களுக்கு இது விளங்காது. அவர்களுக்கு முதுகுப் பக்கமும் ஒரு உலகம் இருக்கிறது. எனக்கு முதுகுப் பக்கம் இருந்ததெல்லாம் மேஸ்திரிதான்.

என் மகன் வீடுகளுக்கும் கடைகளுக்கும் கேமராவும் அலாரமும் மாட்டிக் கொடுக்கிறவன். கெட்டவன் இல்லை, என்மேல் பாசமும் உண்டு. ஆனால் அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான். அலாரத்தை மாட்டி முடித்ததும் அவனே திருடன் மாதிரி ஏறிக் குதித்து, சத்தம் வருகிறதா என்று சோதித்துப் பார்ப்பான். அதே சோதனையை ஒரு பிற்பகலில் என் வீட்டிலும் செய்தான். தலையில் தொப்பி, முகத்தில் துணி, பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து, சமையலறை வழியாக நுழைந்து என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான்.

மேஸ்திரி என்ன செய்தது? வந்து என் முழங்காலில் மூக்கால் ஒரு இடி இடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. வந்தது என் மகன். துணி முகத்தை மறைக்கும், வாடையை மறைக்குமா? தெரிந்த ஆள்தானே என்று நானும் கையிலிருந்த ஜிப்பை ஓட்டி முடித்துவிட்டுத் திரும்பினேன். அவன் துணியை அவிழ்த்துக்கொண்டு, தலையில் அடித்துக்கொண்டு நிற்கிறான்.

திருடன் உள்ளே வந்து நிற்கிறான், நாய் வாலை ஆட்டிக்கொண்டு படுத்திருக்கிறது, நீ ஜிப் தைத்துக்கொண்டிருக்கிறாய் என்று ஒரு மூச்சு பேசினான். அது உன்னைக் கண்டுபிடித்து என்னிடம் சொல்லிவிட்டதடா என்று விளக்கினேன். பட்டறையில் தட்டுவது, இழுப்பது எல்லாவற்றையும் அவன் தோளிலேயே தட்டியும் இழுத்தும் காட்டினேன். நாயைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாய் என்று சிரித்தான். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். என் வீட்டில் ஊதியவள் செவிடி, கேட்காதவன் காதுள்ளவன்.

தைத்த பைகளைக் கடையில் கொடுத்துவிட்டு நான் திரும்பிய ஒருநாள், கேட்டைத் திறந்தேன், முழங்காலில் ஒன்றும் இடிக்கவில்லை. உள்ளே மகன் ஏணிமேல் நின்று கேமரா மாட்டிக்கொண்டிருந்தான். என் மெஷினுக்கு எதிர்ச் சுவரில் ஒரு சிவப்பு பல்பு. வாசலில் யாராவது வந்தால் அது மின்னுமாம். நாயை நண்பன் ஒருவனுடைய குடோனில் விட்டிருக்கிறானாம், அங்கே நல்ல பயிற்சி கிடைக்குமாம். நான் கத்தினேன். என் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று எனக்குத் தெரியாது. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எந்தக் குடோன் என்று மட்டும் அவன் வாயிலிருந்து வரவேயில்லை.

பல்பு மின்னியது. பூனை போனால் மின்னியது, காற்றில் கிளை ஆடினால் மின்னியது, வெயில் சாய்ந்தால்கூட மின்னியது. ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தையல் பாதியில் நின்றது. குளிக்கப் போனால் பாதிக் குளியலில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் சொந்த வீட்டில், பட்டப்பகலில் பயந்தேன். ஒருநாள் எரிச்சல் தாங்காமல் பல்பின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினேன். அன்றைக்கென்று, நூல் எடுக்கத் திரும்பியவள் முன்னால் முன்பின் தெரியாத ஒரு ஆள் வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தான். தண்ணீர் வடிகட்டும் மெஷின் விற்க வந்தவனாம், வாசலில் வெகுநேரம் கூப்பிட்டானாம். என் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்து அவனும் பயந்தான்.

அவன் போனதும் மகனை வரவழைத்தேன். குடோன் எங்கே என்று சொல்கிறாயா, இல்லை இந்தக் கேமராவையெல்லாம் சுத்தியலால் அடித்து நொறுக்கட்டுமா என்று கேட்டேன். கையில் சுத்தியல் இருந்ததால் சொன்னான்.

இரண்டு பஸ் மாறிப் போனேன். குடோன் கேட்டுக்குப் பக்கத்தில் சங்கிலியில் கட்டிக் கிடந்தது என் மேஸ்திரி. விலா எலும்புகள் தெரிந்தன. என்னைப் பார்த்ததும் வாய் பிளந்து பிளந்து மூடியது. வளர்ந்த பிறகு அது குரைத்து நான் பார்த்ததே இல்லை. பிறகுதான் வாடை தெரிந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு, வயிறு தரையில் தேய ஊர்ந்து வந்தது. நான் குனிந்து கட்டிக்கொண்டேன்.

வாட்ச்மேன் வந்தார். பெரிய மீசை, உதடே தெரியவில்லை. எனக்குக் காது கேட்காது, மெதுவாகச் சொல்லுங்கள் என்றேன். நல்ல மனிதர், மீசையைக் கையால் ஒதுக்கிக்கொண்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அதனால் எனக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை.

"வந்தப்போ சுத்த மக்கும்மா இது. வழக்கமா வர்ற லாரி வந்தா குரைக்காது. என்கிட்ட வந்து முட்டில மூக்கால இடிக்கும். ஒரே தொல்லை. இடிக்கிறப்பல்லாம் ஓங்கி ஒரு உதை விட்டேன். ரெண்டு வேளை சோத்தையும் நிறுத்தினேன். இப்ப பாருங்க, எப்படிக் குரைக்குதுன்னு."

அவர் முகத்தில் ஒரு பெருமை. தான் ஒரு நல்ல காரியம் செய்து கொடுத்ததாகத்தான் அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருந்தார். வந்தவர்களை எல்லாம் அது ஒழுங்காக அவரிடம் அறிவித்திருக்கிறது. அறிவித்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு உதை வாங்கியிருக்கிறது. அவரைத் திட்ட வாயெடுத்தேன். ஆனால் அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது, அம்பை நொந்து என்ன பயன்? எய்தவன் என் வயிற்றில் பிறந்தவன். சங்கிலியை அவிழ்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கஞ்சி வைத்தேன், குளிப்பாட்டினேன். என் மெஷினுக்குப் பக்கத்தில் அதன் பழைய சாக்கை விரித்தேன். படுத்தது, தூங்கியது. எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தைக்க உட்கார்ந்தேன்.

மறுநாள் தைத்துக்கொண்டிருந்தபோது மேஸ்திரி தலையைத் தூக்கியது. காது விடைத்தது. எழுந்து நேராக என்னிடம் வந்தது. நான் கையை நிறுத்திவிட்டு முழங்காலைக் கொஞ்சம் அதன் பக்கம் திருப்பி வைத்தேன். மூக்கு முழங்கால் வரை வந்தது. இடிக்கவில்லை. தலையைத் தாழ்த்தி என் பாதத்தைப் பார்த்தது. காதுகள் பின்னால் ஒட்டிக்கொண்டன. பின்வாங்கி, எனக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்துக் குரைத்தது. விலா ஏறி இறங்குவது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

வந்தது என் மகன். கையில் நாய்க்குப் புதுக் கழுத்துப்பட்டை. முகமெல்லாம் பல்.

"பாத்தியாம்மா? தெருமுனை வரைக்கும் கேக்குது. இப்பதான் நாய் மாதிரி இருக்கு."

நான் மெஷினிலிருந்து எழுந்தேன். இந்தத் தடவை கத்தவில்லை என்று நினைக்கிறேன். எந்த ஜன்னலும் திறக்கவில்லை.

"நீ வந்திருக்கேன்னு எங்கிட்ட சொல்றதுக்குத்தான்டா அது எழுந்து வந்துச்சு. பக்கத்துல வந்து, என் காலப் பாத்து பயந்து திரும்பிப் போயிருச்சு. என் காலப் பாத்துடா."

அவன் ஏதோ சொல்லத் தொடங்கினான். நான் அவன் உதட்டைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.