நூற்று நாற்பத்து மூன்று அர்த்தங்கள்

சிவகுரு எங்கள் வீட்டுப் படியேறி எட்டு வருடம் ஆகியிருந்தது. நான் ஏறவிடவில்லை.

காரணம் ஒரு கொப்பி, ஒரு குறிப்புப் புத்தகம். என் தம்பி கதிரவேலு மலாயாவின் சுங்கை பட்டாணியில் ஆங்கில ஆசிரியனாக இருந்தவன். 'ரன்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு நூற்று நாற்பத்து மூன்று அர்த்தங்களை அதில் இலக்கமிட்டு எழுதினான். மனிதன் ஓடுவது, ஆறு பாய்வது, கடை நடத்துவது, சாயம் கரைவது, தேர்தலில் நிற்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதே பொருள் தரும் வேறு ஆங்கிலச் சொற்கள். தினமும் மாலையில் வாசித்துச் சரிபார்த்தவன் நான்.

மலேரியாவில் அவன் செத்த மாதம், ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணி சிவகுரு வந்தான். "வாசிச்சிட்டுத் தாறன், அண்ணை" என்று கொண்டுபோனவன், வாசிகசாலையில் இருபது பேர் முன்னால் அதைத் தன் உழைப்பென்று படித்துக் கைதட்டல் வாங்கினான். கேட்கப் போன என்னிடம், "செத்தவன் சாட்சி சொல்ல வருவானோ?" என்றான்.

ஜப்பான்காரன் வந்த வருடம் சிவகுருவின் வீட்டைச் சோதித்ததில் கொப்பி அகப்பட்டது. பக்கம் பக்கமாக ஒரே சொல், இலக்கங்கள், எதிரே வேறு வேறு சொற்கள். ஒற்றனின் இரகசியக் குறியீடு என்று முடிவுகட்டினார்கள். அவன் என் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும்; மத்தியானம் என்னையும் அவர்களின் முகாமுக்கு இழுத்துப் போனார்கள்.

சிவகுரு முழங்காலில் நின்றான். என்னைக் கண்டதும் கத்தினான்.

"இவரின்ர தம்பி எழுதினது! நான் ஒரு எழுத்தும் எழுதேல்லை ஐயா!"

பாலிங் ஊரிலிருந்து வந்த தமிழன்தான் மொழிபெயர்ப்பாளன். "யாருதுன்னு அதிகாரி கேக்குறாரு. தெரியாதுன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போ, பெருசு" என்றான்.

சொல்லியிருக்கலாம். சிவகுருவை என்ன செய்வார்கள் என்பதும் தெரியும். அதில் எனக்கு வருத்தம் இருந்திராது. ஆனால் தம்பியின் எழுத்தைத் தெரியாதென்று என் வாயால் சொல்வதா?

"என்ர தம்பி கதிரவேலு எழுதினது. முழுவதும்."

"அவன் எங்க?"

"சுடலையில."

அறை விழுந்தது. என் மூக்குக்கண்ணாடி தெறித்தது. அதிகாரி கொப்பியைத் தன் பக்கம் திருப்பி இலக்கங்களைக் கேட்கத் தொடங்கினான்.

"ஐம்பத்தேழு?"

"வேலி நீண்டு போறது."

"நூற்றிரண்டு?"

"மூக்கு ஒழுகுறது."

மொழிபெயர்ப்பாளன் மூக்கைத் தொட்டுக் காட்டினான். "பள்ளிக்கூடப் பாடம்தான் ஐயா, வேற ஒண்ணுமில்ல" என்று அவர்கள் மொழியில் சொல்லியிருக்க வேண்டும். அதிகாரி சிரித்துக்கொண்டே கொப்பியை அடுப்பில் எறிந்தான். இருவரையும் விரட்டிவிட்டார்கள்.

மாலையில் சிவகுரு எங்கள் வாசல் படலையடியில் நின்றான்.

"அண்ணை, என்ர உயிரைத் தந்தியள்."

"உனக்குத் தரேல்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வா. அண்டைக்கு உனக்குக் கைதட்டின ஆக்கள் வருவினம். இண்டைக்குச் சொன்னதை அவையளுக்கும் சொல்லு."

"கொப்பியே எரிஞ்சு போச்சு. இனி எதுக்கு? எனக்குப் பொம்பிளைப் பிள்ளையள் இருக்கு. சனம் சிரிக்கும்."

"முழங்காலில நிண்டு சொன்னியே. எழும்பி நிண்டு சொல்லேலாதோ?"

செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. பூசை முடிந்ததும் வீங்கிய கன்னத்தோடு நான் எழுந்தேன். தெருவில் ஜப்பான்காரனின் காவல் இருந்தது; ஆங்கிலம் அவனுக்கு எதிரியின் மொழி. ஒன்றிலிருந்து நூற்று நாற்பத்து மூன்று வரை ஆங்கிலத்திலேயே சொல்லி, "கதிரவேலு எழுதியது" என்று முடித்தேன். பயத்தில் பாதிப்பேர் இடையிலேயே போய்விட்டார்கள்.

சிவகுருவின் மனைவி பராசக்தி மட்டும் தூணோரம் தலைகுனிந்து கடைசிவரை நின்றாள்.

அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் எங்கள் படியேற அனுமதி உண்டு.