இழுத்தாலும் தள்ளினாலும் ஒரே சுரம்

முத்துலிங்கம் நுவரெலியாப் பழம்பொருள் மண்டபத்தில் தற்காலிகக் காவலர். துரைமார் கப்பலேறும்போது போட்டுவிட்டுப் போன தட்டுமுட்டுச் சாமான்களுக்குத்தான் அந்தப் பெரிய பெயர். 1957 மழையில் கூரை ஒழுகி, கண்ணாடி அலமாரியில் இருந்த இரண்டு கான்சர்டினாக்களின் பெயர்ச்சீட்டுகளும் கழன்று விழுந்தன. இரண்டும் கைக்கு அடக்கமான துருத்திப் பெட்டிகள். ஒன்று ‘இங்கிலீஷ்’, மற்றது ‘ஆங்லோ’. எது எதுவென்று அவருக்குத் தெரியாது. சனிக்கிழமையோ, பழைய வாத்தியங்களைக் கரைத்துக் குடித்த ஒரு துரைசாணி பார்வையிட வருகிறார். அவர் நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பழையபடி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கப் போகவேண்டியதுதான்.

பூண்டுலோயாவில் கூத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கும் அழகுமுத்துவைக் கூட்டிவந்தார். தெரியாது என்று சொல்லி அந்த மனிதருக்குப் பழக்கமே இல்லை. முதல் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தி இழுத்தார், தள்ளினார். ஒரே சுரம். தலையாட்டினார். இரண்டாவதில் இழுத்தால் ஒன்று, தள்ளினால் வேறொன்று. அழகுமுத்துவுக்கு முகம் சுருங்கியது.

“இதுக்குச் சீக்குங்க. ஒரே வாயால ரெண்டு பேச்சு பேசுது.”

முத்துலிங்கம் தேத்தண்ணி வாங்கப் போய், மழையில் மாட்டி, மத்தியானம் கழித்துத் திரும்பினார். அதற்குள் அழகுமுத்து பெட்டியைப் பிரித்து, உள்ளே சுரம் எழுப்பும் பித்தளை நாக்குகளையெல்லாம் சுரண்டிச் சீக்கைத் தீர்த்து மூடிவிட்டிருந்தார். முத்துலிங்கம் நன்றி சொல்லி, சாமியை வேண்டிக்கொண்டு, குத்துமதிப்பாகச் சீட்டுகளை ஒட்டினார்.

சனிக்கிழமை துரைசாணி பொத்தான்களின் அமைப்பையும் சீட்டுகளையும் பார்த்துச் சரியென்றார். முத்துலிங்கத்துக்கு உயிர் வந்தது. இழுக்க ஒரு சுரம், தள்ள ஒரு சுரம், அதுதான் ஆங்லோவின் அடையாளம் என்று துரைசாணி இங்கிலீஷில் விளக்கியதும் வந்த உயிர் போய்விட்டது.

துரைசாணி ஆங்லோவை எடுத்து இழுத்தார். தள்ளினார். மறுபடி இழுத்தார்.

பாராட்டு வாங்க வந்து நின்ற அழகுமுத்து, “நாந்தான் சரிபண்ணினேன்னு சொல்லுங்கய்யா” என்றார்.

இவர் என்ன சொல்கிறார் என்று துரைசாணி கேட்டார். இவருடைய பாட்டன் காலத்திலிருந்தே அது இப்படித்தானாம் என்று முத்துலிங்கம் மொழிபெயர்த்தார். நாக்கு கொஞ்சமும் குழறவில்லை.

துரைசாணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மூன்று பக்கம் எழுதினார்: உலகத்தில் எங்குமே இல்லாத வாத்தியம், இதைக் கண்ணுங்கருத்துமாகக் காத்துவரும் இந்த மனிதரை இங்கிருந்து ஒருபோதும் மாற்றக்கூடாது.

முத்துலிங்கத்துக்கு அழுகை வந்தது. பாதி வேலை கிடைத்த சந்தோஷம், பாதி அந்தப் பெட்டியின்மேல் பரிதாபம்.